ஜெயித்த ஆட்டத்தையும் எழுதி வையுங்கள்: போக்கர் கேள்வி - பதில்

செல்போனில் இலவச சிப்ஸ் வைத்துப் போக்கர் ஆடுகிறவர்கள், தங்களுக்குத் திரும்பத் திரும்ப நேரும் தவறுகளை எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 'டெக்சாஸ் ஹோல்டெம்' பற்றியவை. அதாவது கையில் இரண்டு சீட்டு, மேசையில் ஐந்து பொதுச்சீட்டு. முதல் மூன்று ப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். நடுவில் சேரும் சிப்ஸ் பாட். சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடுவது ப்ளைண்ட், அதில் பெரியது பிக் ப்ளைண்ட். அளவுகளை அதில்தான் சொல்கிறோம். சிப்ஸ் போடுவது பெட், அதற்குச் சமமாகக் கொடுப்பது கால், அதை உயர்த்துவது ரெய்ஸ், சீட்டை விட்டுவிடுவது ஃபோல்டு. நல்ல கை இல்லாமலே இருப்பதுபோல பெட் போடுவது ப்ளஃப். ப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடம் பட்டன். பதில்கள் எல்லாம் இந்த ஆட்டத்துக்கே. பணமேசை பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்தது. அதற்கான பதிலை மட்டுமாவது எல்லோரும் படிக்க வேண்டுகிறோம்.

கேள்வி: இரண்டு ஏஸ் வந்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. எப்போதும் தோற்கிறேன். கையின் பலத்தை மறைத்து ஆட, முதலில் வெறும் கால் மட்டும்தான் செய்கிறேன். என்ன தவறு?
(வாசகர், தாம்பரம்)

பதில்: முதலில் 'எப்போதும்' என்பதைச் சரிபார்ப்போம். ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான் வரும். நீங்கள் 2,000 ஆட்டம் ஆடியிருந்தால் சுமார் ஒன்பது முறை பார்த்திருப்பீர்கள். அதில் நான்கு தோல்வி மனதில் பதிந்துவிட்டால் ஒன்பதும் தோற்றதாகவே தோன்றும்.

தவறு அந்த வெறும் காலில் இருக்கிறது. எதிராளியின் சீட்டு எதுவென்று தெரியாத நிலையில், ஒரே ஒரு எதிராளி என்றால் ஏஸ் ஜோடி ஜெயிக்கும் வாய்ப்பு சராசரியாக 85 சதவீதம். இரண்டு பேர் என்றால் 73, நான்கு பேர் என்றால் 56. நால்வரும் நிறைய சிப்ஸ் போட்டு உள்ளே வந்தால் அந்த 56-ம் உங்களுக்கு நல்ல லாபம்தான். ஆனால் நீங்கள் கால் மட்டும் செய்ததால் ஆளுக்கு ஒரு பிக் ப்ளைண்ட் கொடுத்துவிட்டு நால்வரும் மலிவாக ப்ளாப் பார்க்கிறார்கள். பாட் சின்னதாக இருக்கிறது, எதிராளியிடம் என்ன இருக்கிறது என்றும் உங்களுக்குத் துளியும் தெரியாது. ஜெயித்தால் ஐந்தாறு ப்ளைண்ட் வரும். தோற்றால் மொத்த சிப்ஸும் போகும்.

பணமேசைப் பழக்கத்தில் மூன்று ப்ளைண்டுக்கு ரெய்ஸ் செய்து, முன்னால் கால் செய்த ஒவ்வொருவருக்கும் ஒரு ப்ளைண்ட் சேர்ப்பார்கள். இலவச மேசையில் அது போதாது, யாரும் அசைய மாட்டார்கள். ஐந்து, ஆறு ப்ளைண்டுக்கு உயர்த்துங்கள். ஏழு என்றாலும் கால் செய்கிறார்கள் என்றால் ஏழு போடுங்கள்.

இன்னொரு பாதியும் இருக்கிறது. ப்ளாப்புக்குப் பிறகு ஏஸ் ஜோடி என்பது வெறும் ஒரு ஜோடி. இதுவரை அமைதியாகக் கால் மட்டும் செய்துவந்தவர் டர்னில் திடீரென்று உயர்த்தினால், பெரும்பாலும் அவரிடம் இரண்டு ஜோடியோ மூன்று ஒரே சீட்டோ இருக்கும். அங்கே ஃபோல்டு செய்யத் தெரிய வேண்டும்.

கேள்வி: தவறுகளிலிருந்து கற்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி என்றுதான் யாரும் சொல்வதில்லை. ஆடி முடித்ததும் எதைப் பார்ப்பது?
(வாசகி, பெரம்பூர்)

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியைத் தொடங்கினோம் என்று சொல்லலாம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஆடும்போது குழப்பம் வந்த இடத்தில் ஆட்டத்தின் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அப்போதே அலசாதீர்கள், அடுத்த ஆட்டம் கெடும். மறுநாள் அமைதியான நேரத்தில் செயலியின் 'ஹேண்ட் ஹிஸ்டரி'யை (ஆடிய ஆட்டங்களின் பதிவு) திறந்து ஐந்தே ஐந்து ஆட்டங்களை எடுங்கள். மூன்று தோற்றவை, இரண்டு ஜெயித்தவை. ஜெயித்தவற்றை விடவே கூடாது. தோல்வி உங்களைத் தேடி வந்து உறுத்தும். ஜெயித்த ஆட்டத்தில் உள்ள தவறு பரிசு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அதை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

எதிராளியின் சீட்டைக் காகிதத் துண்டால் மறைத்துவிடுங்கள். இது முக்கியம். அவருடைய சீட்டு தெரிந்த பிறகு எல்லாமே முன்பே தெரிந்திருக்க வேண்டியதுபோலத் தோன்றும். மறைத்த நிலையில் ஒவ்வொரு முடிவிலும் நின்று எழுதுங்கள்: என் இடம் எது, பட்டனுக்கு எத்தனை பேர் முன்னால்? பாட்டில் எவ்வளவு, நான் கொடுக்க வேண்டியது எவ்வளவு? அவர் இப்படி ஆட என்னென்ன கைகள் இருக்கலாம்? நான் போட்ட பெட்டுக்கு எந்த மோசமான கை கால் செய்யும், எந்த நல்ல கை ஃபோல்டு செய்யும்? கடைசிக் கேள்விக்கு இரண்டு பக்கமும் பதில் இல்லை என்றால் அந்த பெட் தவறு, ஜெயித்திருந்தாலும்.

'என்னென்ன கைகள்' என்பதை எண்ணவும் முடியும். ஒரு குறிப்பிட்ட ஜோடி ஆறு விதமாக வரும். ஏஸ்-ராஜா போன்ற கை 16 விதம், அதில் ஒரே பூவாக (இரண்டும் ஹார்ட்டின், அல்லது இரண்டும் ஸ்பேடு என்பதுபோல) வருவது நான்கு. உங்களிடம் ஏஸ்-ராஜா. மேசையில் ராஜா, 9, 4, 2, 8, பூ சேரவில்லை (ஒரே பூவில் ஐந்து சீட்டு யாருக்கும் சேராது). ரிவரில் அவர் பாட் அளவுக்கு பெட் போடுகிறார். உங்களை வெல்பவை: 9, 4, 2, 8 ஜோடிகள் மேசைச்சீட்டோடு சேர்ந்து மூன்று ஒரே சீட்டாகும், ஒவ்வொன்றும் மூன்று விதம், ஆக 12. ராஜா ஜோடி 1. ராஜா-9 இருப்பது 6. ராஜா-8, 9-8 போன்றவற்றை ப்ளாப்புக்கு முன்பே விட்டிருப்பார், ஏஸ் ஜோடி என்றால் அப்போதே ரெய்ஸ் செய்திருப்பார் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 19. நீங்கள் வெல்பவை: ராஜா-ராணி 8, ராஜா-ஜாக்கி 8, ஆக 16. பாட் அளவு பெட்டுக்குக் கால் செய்ய 33 சதவீத வாய்ப்பு வேண்டும். 35-க்கு 16 என்றால் 46 சதவீதம், கால் சரி. ஆனால் இவர் ராஜா-ராணியோடு இவ்வளவு பெரிய பெட் போடுகிற ஆள் இல்லை என்றால் அந்த 16-ம் கழிந்துவிடும், கால் பெரிய தவறு. ஆக, கேள்வி உங்கள் சீட்டைப் பற்றியதே இல்லை. அந்த ஆளைப் பற்றியது. நோட்டில் எழுத வேண்டியதும் அதுதான்.

இப்போது காகிதத்தை எடுத்துப் பாருங்கள். நீங்கள் எழுதிய பட்டியலில் அவருடைய கை இருந்தால், தோற்றிருந்தாலும் 'சரி' என்று போடுங்கள். பட்டியலிலேயே இல்லாத கை என்றால் அங்கே பாடம் இருக்கிறது.

ஒவ்வொரு தவறுக்கும் ஒரு வகைப்பெயர் கொடுங்கள். எடுக்கவே கூடாத கையை எடுத்தது, கணக்குப் பார்க்காத கால், ஒரு ஜோடியோடு கடைசிவரை போனது, விடாமல் கால் செய்பவரிடம் ப்ளஃப், நல்ல கையோடு பெட் போடாமல் விட்டது, கோபத்தில் ஆடியது. தொடக்கத்தில் இந்த ஆறே போதும். பக்கத்தில் அந்தத் தவறின் விலையை ப்ளைண்டில் எழுதுங்கள். மாதக் கடைசியில் வகைவாரியாகக் கூட்டுங்கள். 30 ப்ளைண்ட் இழந்த ஒரு ப்ளஃப்தான் மனதில் நிற்கும். நாளுக்கு ஐந்து முறை ஒவ்வொரு ப்ளைண்டாகக் கொடுத்து மோசமான கையில் உள்ளே போனது மாதத்துக்கு 150 ப்ளைண்ட். முதலில் திருத்த வேண்டியது எது என்று கூட்டல் சொல்லிவிடும். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு வகையை மட்டும் திருத்துங்கள். ஆறையும் ஒரே நேரத்தில் பிடித்தால் ஒன்றும் திருந்தாது.

கேள்வி: கையில் ஹார்ட்டின் 7, 6. மேசையில் ஹார்ட்டின் ஜாக்கி, ஹார்ட்டின் 4, ஸ்பேடு ராணி, டர்னில் கிளாவர் 2. பாட்டில் 60. எதிராளி 60 போட்டார். கால் செய்தேன். ரிவரில் ஹார்ட்டின் வந்து ஜெயித்தேன். அவரிடம் ஏஸ்-ராணி. நண்பன் 'நீ ஆடியது தப்பு' என்கிறான். ஜெயித்த பிறகு எப்படித் தப்பாகும்?
(வாசகர், அம்பத்தூர்)

பதில்: நண்பர் சொன்னது சரி. 60 கொடுத்து, 60-ம் 60-ம் சேர்ந்த 120-ஐ வெல்லப் பார்க்கிறீர்கள். உங்கள் 60-ஐயும் சேர்த்தால் பாட் 180. அதில் உங்கள் பங்கு மூன்றில் ஒன்று, எனவே 33 சதவீத வாய்ப்பு வேண்டும். உங்களுக்குத் தெரியாத சீட்டு 46, உதவுபவை ஒன்பது ஹார்ட்டின். 9-ஐ 46-ஆல் வகுத்தால் 19.6 சதவீதம். இதே கால் 46 முறை செய்தால் ஒன்பது முறை 120 வரும், 37 முறை 60 போகும். வரவு 1,080, செலவு 2,220. ஒரு காலுக்கு 25 சிப்ஸ் சராசரி நஷ்டம். நீங்கள் பார்த்தது அந்த ஒன்பதில் ஒன்று.

பூ சேர்ந்த பிறகு அவரிடமிருந்து மேலும் வாங்கலாமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த கால் நஷ்டமில்லாமல் இருக்க, பூ சேரும் ஒவ்வொரு முறையும் ரிவரில் சராசரியாக இன்னும் 127 சிப்ஸ் வர வேண்டும். அவரிடம் மீதி அவ்வளவு இருந்ததா, மூன்றாவது ஹார்ட்டினைப் பார்த்த பிறகும் கொடுப்பாரா என்று பாருங்கள். மேலும் 7 உயரப் பூ சின்னப் பூ. பெரிய ஹார்ட்டின் இரண்டு வைத்திருப்பவர் இருந்தால் பூ சேர்ந்ததே வினையாகும்.

மனக்கணக்குக்கு: ஒரு சீட்டு வர வேண்டும் என்றால் உதவும் சீட்டின் எண்ணிக்கையை 2-ஆல் பெருக்குங்கள், வருவது ஏறக்குறைய சதவீதம். ப்ளாப்பில் இருந்து இரண்டு சீட்டையும் உறுதியாகப் பார்க்கப்போகிறீர்கள் என்றால் 4-ஆல் பெருக்குங்கள். பூவுக்கு 9 சீட்டு, இரண்டு முனையும் திறந்த வரிசைக்கு 8, நடுவில் ஒன்று விடுபட்ட வரிசைக்கு 4. டர்னிலும் பெட் வரும் என்று தெரிந்தே 4-ஆல் பெருக்குவது மிகப் பரவலான தவறு. டர்னில் திரும்பவும் விலை கேட்பார்கள்.

எதிராளி பாதி பாட் போட்டால் உங்களுக்கு 25 சதவீதம் வேண்டும், முழுப் பாட் என்றால் 33. இந்த இரண்டு எண்ணும் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

கேள்வி: நான் எப்போது ப்ளஃப் செய்தாலும் யாராவது கால் செய்துவிடுகிறார்கள்.
(வாசகர், வேளச்சேரி)

பதில்: அப்படியானால் ப்ளஃப் செய்யாதீர்கள். பாதி பாட் போட்டு ப்ளஃப் செய்தால் மூன்றில் ஒரு முறை அவர் ஃபோல்டு செய்ய வேண்டும், முழுப் பாட் என்றால் இரண்டில் ஒரு முறை. இலவச மேசையில் சிப்ஸ் தீர்ந்தால் திரும்பக் கிடைத்துவிடும் என்பதால் இவ்வளவு பேர் ஃபோல்டு செய்வதில்லை. அதே குணம்தான் உங்கள் நல்ல கைக்கு வருமானம். இரண்டு ஜோடி வந்தால் மறைக்காமல் மூன்று சுற்றிலும் பெட் போடுங்கள். தொடக்க நிலையில் ப்ளஃப் குறைந்ததால் இழப்பதைவிட, நல்ல கையில் பெட் போடாமல் 'செக்' சொல்லி இழப்பது அதிகம்.

கேள்வி: ரம்மியில் எங்கள் வீட்டில் என்னை யாரும் ஜெயிக்க முடியாது. போக்கரில் மட்டும் சிப்ஸ் கரைந்துகொண்டே இருக்கிறது. ஒரே பூவில் இரண்டு சீட்டு வந்தால் கண்டிப்பாக ஆடுவேன்.
(வாசகி, மயிலாப்பூர்)

பதில்: ரம்மியில் பதின்மூன்று சீட்டை மாற்றி மாற்றிச் சேர்க்கலாம். மோசமான கையையும் பொறுமையாலும் ஞாபகத்தாலும் தேற்றலாம். அந்த நம்பிக்கை இங்கே உதவாது. போக்கரில் கையில் உள்ள இரண்டும் மாறாது. ஆனால் ரம்மியில் உங்களுக்குத் தெரிந்த ஒரு நல்ல பழக்கம் இங்கே உதவும். பாயின்ட் ரம்மியில் முதலிலேயே ட்ராப் செய்தால் 20, நடுவில் 40, மாட்டிக்கொண்டால் 80 வரை. சீட்டைப் பார்த்ததும் ட்ராப் செய்யலாமா என்று யோசிக்கிறீர்கள் அல்லவா? போக்கரில் ப்ளைண்ட் போடாத இடத்தில் முதல் ட்ராப்புக்கு விலையே கிடையாது, பூஜ்யம். ஆறு பேர் மேசையில் முதலில் பேசும் இடத்தில் நூறு கையில் 15 முதல் 20, பட்டனில் 40 வரை எடுத்தால் போதும். கடைசியாகப் பேசுபவர் மற்ற எல்லோரும் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார். அதனால்தான் அந்த வித்தியாசம்.

ஒரே பூ என்பதற்காக மட்டும் ஆடாதீர்கள். ப்ளாப்பிலேயே பூ முழுமையாகச் சேர்வது சுமார் 119-க்கு ஒரு முறை. ஒரே பூவாக இருப்பதால் ஜெயிக்கும் வாய்ப்பில் கூடுவது இரண்டு மூன்று சதவீதமே. ராஜா-3 ஒரே பூவானாலும் ராஜா-3 தான்.

கேள்வி: 1,500 ஆட்டத்தில் 300 ப்ளைண்ட் ஜெயித்திருக்கிறேன். இனி 20 ரூபாய், 50 ரூபாய் மேசைக்குப் போகலாமா? டெலிகிராமில் ஒரு குழுவில் கூப்பிடுகிறார்கள்.
(வாசகர், போரூர்)

பதில்: போகாதீர்கள். இரண்டு காரணம்.

முதலாவது சட்டம். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில் போக்கரையும் ரம்மியையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று பட்டியலிட்ட பகுதியை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. அதை வைத்து 'போக்கர் திறமை விளையாட்டு, தடை இல்லை' என்று இன்னமும் சொல்கிறார்கள். அதன் பிறகு நிலைமை மாறிவிட்டது. 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு முழுவதையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை, 50 லட்சம் வரை. இந்தியாவில் இயங்கிய பெரிய தளங்கள் பணமேசைகளை நிறுத்திக்கொண்டன. ஆக, இப்போது உங்களைக் கூப்பிடுகிறவர் யார், சீட்டு எப்படிக் கலைக்கப்படுகிறது, மேசையில் உள்ள மற்ற ஐந்து பேரும் தனித்தனி ஆட்களா, ஜெயித்த பணம் வருமா, எதற்கும் பொறுப்பாளி கிடையாது. ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள்.

இரண்டாவது, உங்கள் 300 ப்ளைண்ட். இந்த ஆட்டத்தில் நூறு ஆட்டத்துக்கு 90 ப்ளைண்ட் அளவுக்கு அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம் இருப்பது சாதாரணம். 1,500 ஆட்டத்துக்கு அது சுமார் 350 ஆகிறது. அதாவது லாபமும் நஷ்டமும் இல்லாத சராசரி ஆட்டக்காரருக்கும் 300 வருவது வெகு சாதாரணம். 10,000 ஆட்டத்தில்கூட முடிவு தெளிவாகாது. உங்கள் முன்னேற்றத்தை சிப்ஸில் பார்க்காதீர்கள், நோட்டில் பாருங்கள். போன மாதம் 20 கணக்கில்லாத கால், இந்த மாதம் 8 என்றால் அது நிச்சயமான முன்னேற்றம்.

பணம் இழந்து, அதை மீட்க மறுபடி ஆடத் தோன்றுகிறவர்கள், வீட்டில் மறைக்கிறவர்கள், தூக்கம் கெடுகிறவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டில் இருப்பவர்களும் அழைக்கலாம்.

கேள்வி: ஒரு பெரிய ஆட்டம் தோற்றதும் அடுத்த பத்து ஆட்டமும் கெட்டுவிடுகிறது.
(வாசகர், கோடம்பாக்கம்)

பதில்: ஆடத் தொடங்கும் முன்பே வரம்பை எழுதிவிடுங்கள். நூறு ப்ளைண்டை ஒரு 'வாங்கல்' என்று வைத்துக்கொண்டு, இரண்டு வாங்கல் போனால் அன்றைக்கு மூடிவிட வேண்டும். தோற்ற உடனே ஒரு சுற்று மட்டும் வெளியே உட்காருங்கள். 'சிட் அவுட்' பொத்தான் அதற்குத்தான். முடிந்த அளவு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். கோபத்தில் முதலில் மாறுவது ஃபோல்டு செய்யும் எண்ணிக்கைதான். பத்து ஆட்டத்தில் ஆறு ஏழு உள்ளே போயிருந்தால் நீங்கள் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் போகும்போதுதான் ஆட நேரம். கை தவறி பொத்தானை அழுத்திவிடுகிறேன்.
(வாசகி, குரோம்பேட்டை)

பதில்: செட்டிங்கில் 'ஆல் இன்' (மொத்த சிப்ஸையும் போடுவது) உறுதிப்படுத்தல் இருந்தால் இயக்குங்கள். பெட் அளவை விரலால் இழுக்காமல், பாதி பாட், முழுப் பாட் என்று முன்பே அமைத்த பொத்தானாக வையுங்கள். ஒரே மேசை போதும். அதிலேயே மணிக்கு 60 முதல் 80 ஆட்டம் வரும். சிக்னல் போனால் நேரம் முடிந்து செயலி தானாக ஃபோல்டு செய்துவிடும். அதை நோட்டில் தவறாக எழுத வேண்டாம். கூட்டத்தில் நின்றுகொண்டு போகும் நாளில் ஆடாமல், முந்தின நாள் குறித்த ஐந்து ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதற்கு ஒரு கை போதும், நேரக்கெடுவும் இல்லை.